கொல்கத்தா போனால் ஆற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஜவுளி வியாபாரத்துக்காக வருடத்துக்கு மூன்று நான்கு தடவை என்று பதினாறு வருடம் கொல்கத்தாவுக்குப் போய்வந்தவன் நான். ஹவுரா ஸ்டேஷன், பரா பஜாரில் ஒரு லாட்ஜ், நாலு குடோன், மறுபடி ஹவுரா. எனக்குத் தெரிந்த கொல்கத்தா அவ்வளவுதான். கடையை மகனிடம் ஒப்படைத்த பிறகு, ஊர் பார்ப்பதற்காகவே மனைவியோடு ஒரு தடவை போனேன். முதல் இரண்டு நாள் டாக்சி பிடித்து விக்டோரியா மெமோரியல், தட்சிணேஸ்வரம், மியூசியம், காளிகாட் என்று ஊரின் நாலு மூலைக்கும் ஓடினோம். இரண்டாம் நாள் ராத்திரி அவள் கேட்டாள்: "ஏங்க, இன்னிக்கு என்ன பாத்தோம்?" யோசித்துப் பார்த்தால், நாளில் பாதியை சிக்னலில்தான் கழித்திருந்தோம்.

மூன்றாம் நாள் காலையில் திட்டத்தை மாற்றினோம். அதற்கப்புறம் இன்னும் இரண்டு தடவை அதே முறையில் போய்வந்துவிட்டோம். அந்த முறையைத்தான் சொல்கிறேன்.

கொல்கத்தா மேப்பை ஒரு நிமிடம் பாருங்கள். ஊர் அகலமாக இல்லை, ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. கங்கையின் கிளைதான் ஹூக்ளி, அங்கே எல்லோரும் கங்கை என்றேதான் சொல்வார்கள். எதிர்க்கரையில் ஹவுரா. வடக்கே பழைய வங்காளிக் குடும்பங்களின் ஊர், நடுவில் வெள்ளைக்காரர்கள் கட்டிய அலுவலகங்களும் மைதானமும், தெற்கே பின்னால் வளர்ந்த குடியிருப்புகள். மேற்கே எப்போதும் ஆறு. இது மனதில் பதிந்துவிட்டால் வழி தவறவே தவறாது. ஒரு நாளைக்கு ஒரு பகுதி, அதைக் காலால் பாருங்கள். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் படகும் மெட்ரோவும் போதும். டாக்சியை ராத்திரிக்கும் மூட்டை முடிச்சுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போவது நல்லது. மற்ற மாதங்களில் வெயிலும் புழுக்கமும் நடக்க விடாது, ஜூனிலிருந்து மழை. துர்கா பூஜைக்குப் போவதென்றால் அது தனிக் கணக்கு. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த திருவிழா அது. ஊரே ராத்திரி முழுக்கத் தெருவில் நிற்கும். அறை மாதக்கணக்கில் முன்னாலேயே போட்டுவிட வேண்டும், கூட்டத்தில் நெருக்கியடித்து நடக்க உடம்பு தெம்பாக இருக்க வேண்டும். முதல் பயணத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். இன்னொரு விஷயம், நாட்டின் கிழக்கில் இருப்பதால் அங்கே பொழுது சீக்கிரம் விடிந்து சீக்கிரம் சாயும். டிசம்பரில் மாலை ஐந்துக்கே சூரியன் போய்விடும். நம் பழக்கத்தில் ஒன்பது மணிக்குக் கிளம்பினால் அரை நாள் போச்சு. ஆறு மணிக்குத் தெருவில் இருங்கள்.

ரயிலில் போகிறவர்கள் டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். முன்பு ஹவுராவிலிருந்து ஓடிய கோரமண்டல் எக்ஸ்பிரஸ் இப்போது ஷாலிமாரிலிருந்து ஓடுகிறது. சென்னை மெயில் ஹவுராவுக்குப் போகும். ஷாலிமாரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு ஸ்டேஷன். திரும்பும்போது மாற்றிப் போய் நின்று ரயிலை விட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஹவுராவில் இறங்கியதும் "எங்கே போகணும்?" என்று பெட்டியைப் பிடிக்க வருவார்கள். யாரோடும் பேச வேண்டாம். பாலத்தைத் தாண்டிவிடுவதற்கு மட்டும் ஒருவர் என்னிடம் அறுநூறு ரூபாய் வாங்கியிருக்கிறார், அதுவும் நான் பத்து தடவை போய்ப் பழகிய பிறகு. மெட்ரோ அங்கேயே இருக்கிறது. 2024 மார்ச்சில் திறந்த பாதை, ஆற்றுக்கு அடியில் போகிறது. ஸ்டேஷன் தரையிலிருந்து 33 மீட்டர் ஆழத்தில் இருப்பதால் எஸ்கலேட்டர்மேல் எஸ்கலேட்டராக இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆற்றைக் கடக்க முக்கால் நிமிடம்தான் ஆகும், அந்த இடத்தில் சுரங்கத்துக்குள் நீல விளக்குகள் வைத்திருக்கிறார்கள். எஸ்பிளனேடில் இறங்கினால் வடக்கு தெற்காக ஓடும் பழைய மெட்ரோவுக்கு மாறலாம். 1984இல் இந்தியாவில் முதன்முதலாக ஓடிய மெட்ரோ அதுதான். முதல் தடவை போகிறவர்கள் எஸ்பிளனேடு, சாந்தினி சௌக் பக்கம் அறை எடுத்தால் இரண்டு பாதையும் கைக்கெட்டும். விமானத்தில் வருகிறவர்களுக்கும் 2025 ஆகஸ்டிலிருந்து மெட்ரோ இருக்கிறது, நோவாபாராவில் மாற வேண்டும்.

சரி, முதல் காலையை மல்லிக் காட் பூச்சந்தைக்குக் கொடுங்கள். ஹவுரா பாலத்தின் கிழக்கு முனைக்கு நேர் கீழே, ஆற்றை ஒட்டி இருக்கிறது. பாலத்தின்மேல் நடந்து வந்து இறங்கலாம். 1943இல் திறந்த பாலம், நட்டு போல்ட் இல்லாமல் முழுக்க ரிவெட் அடித்தே கட்டியது. மேலே நின்று கேமராவை நீட்டினால் போலீஸ்காரர்கள் தடுப்பதுண்டு. படம் படகிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அதுதான் நன்றாகவும் வரும்.

சந்தைக்குள் நுழைந்ததும் ஒரு ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். தலையில் மூட்டையோடு ஓடி வருகிறவர்களால் சட்டென்று நிற்க முடியாது, நாம்தான் வழிவிட வேண்டும். தரை எப்போதும் ஈரம், வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். செண்டுமல்லி மாலைகளைக் கொத்துக் கொத்தாகத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள், மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பாதி உடம்பு தெரியாது. என் மனைவி ஒரு மாலையைக் கையில் எடுத்துப் பார்த்தவள், "இதைக் கட்டலையே, கோத்திருக்காங்க" என்றாள். எனக்கு அதுவரை கண்ணில் பட்டதே இல்லை. அங்கே ஊசியில் நூல் ஏற்றிப் பூவின் நடுவே குத்திக் கோர்க்கிறார்கள். நம் பக்கம்போல் விரலில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுத் தொடுப்பது இல்லை. ரஜனிகந்தா என்று அவர்கள் சொல்லும் சம்பங்கி ஒரு குவியல் கிடந்தது. விற்கிற அம்மாவிடம் சைகையால் ஒரு முழம் நூல் கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து ஒரு சாண் தொடுத்துக் காட்டினாள். இரண்டு பூ இப்படி, இரண்டு பூ அப்படி, ஒரு சுழற்று, ஒரு முடிச்சு. ஊசி எங்கே என்று அந்த அம்மா அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர்களும் வந்துவிட்டார்கள். கிளம்பும்போது சம்பங்கிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். தெரிந்த கைவேலை ஏதாவது இருந்தால் கூச்சப்படாமல் செய்து காட்டுங்கள். பாஷை தெரியாத ஊரில் அதைவிட நல்ல பேச்சு இல்லை.

படித்துறையில் குளிப்பவர்களும் எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்துகொள்பவர்களும் இருப்பார்கள். கேட்காமல் அவர்களைப் படம் எடுக்காதீர்கள்.

அப்புறம் படகு. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், கொல்கத்தாவில் காசுக்கு மிகவும் பெறுமானமான விஷயம் இந்தப் படகுதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஹவுரா ஸ்டேஷன் எதிரிலேயே துறை இருக்கிறது. நாங்கள் போனபோது டிக்கெட் பத்து ரூபாய்க்கும் கீழே. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் போகிறவர்கள், சைக்கிளோடு வருகிறவர்கள், கோழிக்கூடையோடு ஒருவர் என்று எல்லோரும் நின்றபடி வருவார்கள். ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் பாலத்துக்கு அடியில் போகும்போது மேலே லாரிகள் ஓடும் அதிர்வு கேட்கும். வடக்கே பாக்பஜார் பக்கம் போகும் படகு எது என்று கேட்டு ஏறி, ஷோபாபஜாரிலோ பாக்பஜாரிலோ இறங்குங்கள். துறைக்கும் ஊருக்கும் நடுவே சர்க்குலர் ரயில் தண்டவாளம் போகிறது, கேட் எல்லா இடத்திலும் இருக்காது. இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்க வேண்டும்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் குமார்துலி, சாமி சிலை செய்யும் குயவர்களின் தெரு. இங்கே அரை நாள் இருந்தாலும் தகும். சந்து இரண்டு ஆள் அகலம்தான், இரண்டு பக்கமும் கொட்டகை. துர்கா சிலைகள் பார்க்க வேண்டுமானால் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை போக வேண்டும். நாங்கள் போனது ஜனவரி என்பதால் சரஸ்வதி பூஜைக்காக வரிசை வரிசையாக அன்னப்பறவையோடு சரஸ்வதிகள் நின்றன. தலை இல்லாமல் நிற்கும் உடல்களைப் பார்த்து முதலில் திக்கென்றிருக்கும். தலை அச்சில் தனியாக வார்த்துக் காய்கிறது, கடைசியில்தான் பொருத்துவார்கள்.

உள்ளே எலும்புபோல் இருப்பது மூங்கில். அதன்மேல் வைக்கோலைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி இடுப்பு, தோள், தொடை என்று வளைவு கொண்டுவருகிறார்கள். களிமண் அதற்கப்புறம்தான் வருகிறது. வைக்கோலிலேயே அந்த நிற்கும் ஒயில் வந்துவிட வேண்டும், மண் அதை மூடத்தான் செய்யும். ஒரு கொட்டகையில் வயதானவர் ஒருவர் விரல் செய்துகொண்டிருந்தார். மண்ணை உருட்டி, உள்ளங்கையில் வைத்து நீட்டி, மூங்கில் சீவலால் நகத்துக்கு ஒரு கோடு, கணுவுக்கு இரண்டு கோடு. பலகையில் நாற்பது ஐம்பது விரல்கள் காய்ந்துகொண்டிருந்தன. மண் காயும்போது வெடிப்பு விடும். அந்த வெடிப்பின்மேல் பழைய துணிக் கீற்றைக் கூழ்போல் கரைத்த மண்ணில் நனைத்து ஒட்டி, ஈர விரலால் நீவிவிடுகிறார்கள். வண்ணம் அடித்தபின் அங்கே துணி இருப்பது தெரியவே தெரியாது. பதினாறு வருடம் துணி விற்ற எனக்கு அதைப் பார்த்துவிட்டு அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

வேலை நடக்கும் இடம் அது, கண்காட்சி இல்லை. வாசலில் நின்று "தாதா, பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டு நுழையுங்கள், கை பொருள்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் தாதா என்றால் வேறு அர்த்தம். அங்கே அது அண்ணன், தீதி என்றால் அக்கா. "தாதா, கொத்தோ?" என்றால் "அண்ணே, எவ்வளவு?" இந்த மூன்று சொல்லிலேயே பாதி ஊரைச் சுற்றிவிடலாம். வாங்க விருப்பமிருந்தால் உள்ளங்கை அளவு முகங்கள் கிடைக்கும்.

பாக்பஜாருக்கு நடந்தால் போஸ்பாரா சந்தில் சகோதரி நிவேதிதை வாழ்ந்த வீடு இருக்கிறது. பாரதியார் குருவாகக் கொண்டவர். சின்னச் சந்து, சத்தமில்லாத வீடு. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் தவறவிடக் கூடாது. அங்கிருந்து தெற்கே வந்தால் ஜோராசாங்கோவில் தாகூர் பிறந்த, இறந்த வீடு. மதியத்துக்கு மேல் காலேஜ் ஸ்ட்ரீட், நடைபாதை நெடுகப் பழைய புத்தகக் கடைகள். தமிழ்ப் புத்தகத்தை எதிர்பார்க்க வேண்டாம், ஆனால் பழைய ஆங்கிலப் புத்தகம் தேடுகிறவர்களுக்கு ஒரு பை கூடுதலாக வேண்டியிருக்கும். சொல்கிற விலையில் பேரம் பேசலாம். ஞாயிறன்று அநேகமாக எல்லாம் மூடியிருக்கும். மேலே இந்தியன் காபி ஹவுஸில் தலைப்பாகை கட்டிய பணியாளர்கள் காபி கொண்டுவருவார்கள். நம் டிகாஷன் காபியை மனதில் வைத்துக்கொண்டு குடிக்கக் கூடாது. அங்கே போவது உயரமான கூரைக்கும் அந்த இரைச்சலுக்கும்தான், யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள்.

நடு ஊருக்கு ஞாயிறு காலை. வேலை நாளில் டல்ஹௌசி பக்கம் (இப்போது பினய்-பாதல்-தினேஷ் பாக், சுருக்கமாக பி.பி.டி. பாக்) நிமிர்ந்து பார்க்க இடம் இருக்காது. ஞாயிறன்று ரைட்டர்ஸ் பில்டிங், பெரிய குவிமாடம் வைத்த ஜி.பி.ஓ. தபால் நிலையம், சென்ட் ஜான்ஸ் சர்ச் எல்லாம் தெருவின் நடுவில் நின்றே பார்க்கலாம். விக்டோரியா மெமோரியல் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். 1921இல் திறந்த பளிங்குக் கட்டடம், வெளியே தோட்டம் நன்றாக இருக்கிறது, ஒரு மணி நேரம் போதும் என்பது என் அபிப்பிராயம்.

இந்தியன் மியூசியத்துக்கு அதைவிட நேரம் கொடுங்கள். 1814இல் தொடங்கியது. குழந்தைகள் எகிப்து மம்மியிடம் ஓடுவார்கள், ஓடட்டும். நீங்கள் பார்ஹூத் ஸ்தூபியின் கல்வேலி இருக்கும் கூடத்துக்குப் போங்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட சிவந்த கல்லில் யானை, மரம், கதைக்காட்சிகள். பக்கத்தில் சின்னச் சின்னதாகப் பிராமி எழுத்து. இந்த எழுத்தை 1837இல் படித்தறிந்தவர் கல்கத்தா நாணயசாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப். சாஞ்சியிலிருந்து வந்த கல்வெட்டுப் படிகள் ஒன்றுபோல ஒரே எழுத்துகளில் முடிவதைக் கவனித்து, அது 'தானம்' என்ற சொல்லாக இருக்க வேண்டும் என்று பிடித்தார். நம் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளைப் படிக்கவும் அதுதான் அடிப்படை. அன்று மாலை நாலு மணிக்கெல்லாம் ஆற்றங்கரையில் அவர் பெயரில் உள்ள பிரின்செப் காட் படித்துறைக்குப் போய்விடுங்கள். வெள்ளைத் தூண் மண்டபம், பின்னால் கம்பிகளில் தொங்கும் வித்யாசாகர் பாலம், எதிர்க்கரையில் சூரியன் இறங்கும். துடுப்புப் படகுக்காரர்கள் கூப்பிடுவார்கள். ஏறுவதற்கு முன் ஆளுக்கா படகுக்கா, எத்தனை நிமிடம் என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

திங்கட்கிழமை மியூசியம், விக்டோரியா, தாகூர் வீடு எல்லாவற்றுக்கும் விடுமுறை. அந்த நாளைத் தட்சிணேஸ்வரத்துக்கும் ராமகிருஷ்ண மடத்தின் தலைமையிடமான பேலூருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ தட்சிணேஸ்வரம் வரை போகிறது. ராணி ராஷ்மோணி கட்டி 1855இல் குடமுழுக்கு நடந்த காளி கோயில், ராமகிருஷ்ணர் பூசை செய்த இடம். அங்கிருந்து பேலூர் மடத்துக்குப் படகு உண்டு. மதியம் இரண்டு இடத்திலும் நடை சாத்திவிடுவார்கள். காலையில் சீக்கிரம் தட்சிணேஸ்வரம், மாலையில் பேலூர் ஆரத்தி என்று வைத்தால் நிதானமாகப் பார்க்கலாம். பெரிய கோயில்கள் எதிலும் "சீக்கிரம் தரிசனம் வாங்கித் தருகிறேன்" என்று கூட வருகிறவர்களுக்குத் தலையாட்டாதீர்கள். வரிசையில் நின்றால் எல்லோருக்கும் தரிசனம் கிடைக்கிறது.

டிராமைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1873இல் குதிரை இழுத்து ஆரம்பித்தது, 1902இல் மின்சாரத்துக்கு மாறியது. இன்று தடங்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டார்கள். எஸ்பிளனேடு டிப்போவில் எது ஓடுகிறது என்று கேளுங்கள், எங்கே போனாலும் பரவாயில்லை, ஏறி உட்காருங்கள். நாம் சென்னையில் 1953லேயே இழந்துவிட்ட வண்டி அது. பஸ்ஸிலும் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பெண்கள் இறங்கும்போது கண்டக்டர் வண்டியைத் தட்டி "ஆஸ்தே, லேடீஸ்!" என்று கத்துவார், அதாவது மெதுவாக என்று டிரைவருக்குச் சொல்கிறார். மஞ்சள் அம்பாசடர் டாக்சிகளும் குறைந்துகொண்டே வருகின்றன. ஏறுவதற்கு முன் வாடகை பேசிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு. சைவக்காரர்கள் "நிராமிஷ்" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெறுமனே வெஜ் என்பதைவிட அது தெளிவாகப் போய்ச் சேரும். கடுகெண்ணெய் வாசனை இரண்டு நாளில் பழகிவிடும். காலையில் தெருமுனைக் கடையில் கச்சோரியும் உருளைக்கிழங்குக் கறியும், மண் குவளையில் டீ. அந்தக் குவளையைக் குடித்துவிட்டுப் போட்டுவிடுவார்கள், மண்ணின் வாசனையோடு டீ இறங்கும். மாலையில் புச்கா. பானிபூரிதான், ஆனால் புளிப்பும் காரமும் தூக்கல், உள்ளே உருளைக்கிழங்கு. தண்ணீர் ஒத்துக்கொள்ளாத வயிறு என்றால், கூட்டம் அதிகமுள்ள வண்டியில் ஜால்முரி என்ற உலர்ந்த காரப்பொரி வாங்கிக்கொள்ளுங்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு நான் வழி சொல்லத் தேவையே இல்லை. நாலாம் நாள் இட்லி நினைப்பு வந்தால் தெற்கே லேக் மார்க்கெட் போங்கள். அங்கே தலைமுறைகளாகத் தமிழர்கள் இருக்கிறார்கள், வாழையிலையும் கறிவேப்பிலையும் விற்கும் சந்தையும் உண்டு.

ஊர் திரும்பும் நாளில் இனிப்பு. ரசகுல்லா டின்னில் கிடைக்கும், பயணத்துக்கு அதுதான் தோது. குளிர்காலத்தில் புது ஈச்ச வெல்லத்தில் செய்யும் நலேன் குட் சந்தேஷ் ஒரு நாளுக்கு மேல் தாங்காது, அதைச் சென்னை வரை கொண்டுவர நினைக்காதீர்கள். கடையிலேயே நின்று சாப்பிடுங்கள். கொண்டுபோவதற்கு என்றால் "கொடா பாக்" என்று கேளுங்கள், கெட்டியாகக் கிண்டிய வகை, கொஞ்சம் தாங்கும். மிஷ்டி தோய் என்ற இனிப்புத் தயிர் மண்சட்டியில் வரும். சட்டி கசியும், அடியில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்து, வாயைத் துணியால் கட்டி, கீழ் பெர்த்துக்கு அடியில் மூலையோடு ஒட்டி வையுங்கள். அன்றைக்கு ராத்திரியே சாப்பிட்டுவிட வேண்டும். எங்களுக்கு அது கரக்பூர் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. எதிர் சீட்டில் இருந்த பெண்குழந்தைக்குப் பாதி கொடுத்தோம், சட்டியை என் மனைவி கழுவி ஊருக்குக் கொண்டுவந்தாள்.